துணையிடம் எப்படிக் கேட்பது? தம்பதிகளின் பாலியல் நலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த், பிறை, நிபோங் திபால் பக்கம் கிளினிக்குக்கும் ஜி.எச்.சுக்கும் போகிற தமிழர்களுக்கு மொழித்துணையாகப் பல வருடங்களாகப் போய்வருகிறேன். டாக்டர் மலாயில் கேட்பதைத் தமிழில் சொல்வேன். இவர்கள் தயங்கித் தயங்கிச் சொல்வதை டாக்டருக்கு மலாயில் எடுத்துச் சொல்வேன். ஆனால் மனதில் இருக்கிற கேள்வி அறைக்குள் வராது. வெளியே வந்து, கார் நிறுத்துகிற இடத்தில் நிற்கும்போதுதான் வரும். அப்படித் திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். யார் என்று தெரியக்கூடிய விவரம் எதையும் விட்டுவைக்கவில்லை. நான் டாக்டர் இல்லை. மருந்து தொடங்குவதும் நிறுத்துவதும் டாக்டரிடம் பேசித்தான்.

நான் பார்த்த வரையில், நோயைப் பற்றித் தெரியாமல் மாட்டிக்கொள்பவர்கள் குறைவு. தெரிந்ததைத் துணையிடம் வாய்விட்டுக் கேட்க முடியாதவர்கள்தான் அதிகம். அதனால் மருத்துவத்தோடு, வீட்டில் யார் பேச்சு எடுபடுகிறது என்பதும் இந்தப் பக்கத்தில் நிறைய வரும்.

1. நாங்க தாலி கட்டிக் குடும்பம் நடத்துறவங்க அக்கா. எங்களைப் போய் ஆபத்து அதிகமுள்ள தம்பதின்னு ஏன் சொல்றாங்க?

அது நடத்தைக்குப் போடுகிற மார்க் இல்லை. இருவரில் ஒருவருக்கு எச்.ஐ.வி.யோ வேறு பாலியல் தொற்றோ இருந்தால், ஒருவர் போதை ஊசி போடுகிறவராகவோ முன்பு போட்டவராகவோ இருந்தால், வெளியில் வேறு உறவு இருந்தால், லோரி, கப்பல், சிங்கப்பூர் வேலை என்று மாதக்கணக்கில் பிரிந்திருந்தால், மற்றவருக்கும் தொற்றும் வாய்ப்பு கூடுகிறது. அவர் வீட்டு வாசலைத் தாண்டாதவராக இருந்தாலும் அப்படித்தான்.

மலேசியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-இல். 2002-இல் புதிய தொற்றுகள் உச்சத்துக்குப் போயின. அந்த ஒரே வருடத்தில் ஏறக்குறைய 7,000 பேர். அப்போது பெரும்பாலும் ஊசியைப் பகிர்ந்துகொண்டதால் வந்தது. அதற்குப் பிறகு நிலைமை மாறி, கடந்த பத்துப் பதினைந்து வருடங்களாக உடலுறவு வழியாகப் பரவுவதுதான் அதிகம். "அது ஊசி போடுறவங்களுக்கு வர்றது" என்று இன்னும் நினைப்பவர்கள் பழைய கணக்கை வைத்துப் பேசுகிறார்கள்.

2. புருஷன் பொண்டாட்டிக்குள்ள வித்தியாசம் இருந்தா நோய் வருமா? எந்த வித்தியாசம், வயசா, சம்பளமா, சாதியா?

வித்தியாசம் நோயைக் கொண்டுவராது. "வேண்டாம்" என்று யாரால் சொல்ல முடியும், யாரால் முடியாது என்பதை அது தீர்மானிக்கிறது. வயது, சம்பளம், படிப்பு, சாதி, குடியுரிமை எல்லாமே இதில் சேரும். ஒரு உதாரணம். வீடு மாமியார் பெயரில் இருக்கிறது. பேங்க் கார்டு கணவரின் பையில். கிளினிக்குக்குப் போகக் கிராப் வாடகைக் கார் பிடிக்கப் பத்து வெள்ளி (ரிங்கிட்) வேண்டுமென்றாலும், "எதுக்கு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லித்தான் வாங்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு எத்தனை துண்டுப் பிரசுரம் கொடுத்தாலும் அந்தப் பத்து வெள்ளி கிடைக்காது.

வயது வித்தியாசத்துக்கு இன்னொரு கோணம் உண்டு. நாற்பதைத் தொட்டவருக்கு உறவுகள் நடந்த வருடங்கள் அதிகம், அதனால் ஏதாவது தொற்று ஏற்கெனவே இருக்கும் வாய்ப்பும் அதிகம். இருபது வயதுப் பெண்ணுக்கோ அவரிடம் பழைய கதையைக் கேட்கிற தைரியம் இருக்காது. வாடகையும் போன் பில்லும் அவர் கட்டுகிறார் என்றால் இன்னும் கஷ்டம். தென்னாப்பிரிக்காவில் இளம்பெண்களைத் தொடர்ந்து கவனித்து, 2010-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு ஒன்று இதையே காட்டியது: உறவில் பேச்சுரிமை குறைந்த பெண்களுக்கும், துணையிடம் அடி வாங்கிய பெண்களுக்கும் எச்.ஐ.வி. அதிகமாகத் தொற்றியது. அந்த நாட்டு எண்களை நம் ஊருக்குப் பொருத்த முடியாது. ஆனால் அதற்கான காரணம் பிறையில் இருக்கும் ஒரு ஃபிளாட் வீட்டுக்கும் பொருந்துவதைப் பார்க்கிறேன்.

சாதியைக் கேட்டீர்கள். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர்களிடம் இது வரும். திரும்பிப் போக அம்மா வீடு இல்லை என்ற பயத்தில் எதையும் சகித்துக்கொள்கிறார்கள். ஆண்களும் இதற்கு விலக்கில்லை. மனைவி வீட்டில் தங்கி, மனைவியின் சம்பளத்தில் இருப்பவர் பேசாமல் இருந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

3. டெஸ்ட் எங்க எடுக்கிறது? எடுத்தா ஊருக்கே தெரிஞ்சிடாதா?

எந்தக் கிளினிக் கெசிஹத்தானிலும் (அரசு சுகாதாரக் கிளினிக்) எடுக்கலாம், குடிமக்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை அங்கே இலவசம். கவுண்டரில் "சாரிங்கான் எச்.ஐ.வி." (எச்.ஐ.வி. பரிசோதனை) என்று சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. நம்பர் வாங்கி உட்காருங்கள். பிறகு ஒரு மிஸ்ஸி (நர்ஸ்) உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சில கேள்விகள் கேட்பார், ரத்தம் எடுப்பார். கணவரின் கையெழுத்தோ மனைவியின் கையெழுத்தோ தேவையில்லை.

கவுண்டரில் உட்கார்ந்திருப்பது பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருந்தால் என்ன செய்வது என்பதுதான் எல்லோருடைய பயமும். நியாயமான பயம். உங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கும் கிளினிக்குக்குத்தான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பட்டர்வொர்த்காரர்கள் ஃபெர்ரி பிடித்துப் பினாங்குத் தீவுக்குப் போகலாம், தீவில் இருப்பவர்கள் இந்தப் பக்கம் வரலாம். பாசிட்டிவ் என்று வந்தால், 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டப்படி சுகாதாரத் துறைக்குத் தெரிவிப்பார்கள். முதலாளிக்கோ, மாமியாருக்கோ, கோவில் கமிட்டிக்கோ யாரும் சொல்வதில்லை.

வீட்டிலேயே செய்துகொள்ளும் கிட் பார்மசியில் விற்கிறது. விரல் நுனி ரத்தத்தில் அல்லது ஈறில் தடவிய குச்சியில் பார்ப்பார்கள். கால்மணி, இருபது நிமிடத்தில் கோடு தெரியும். C பக்கத்தில் மட்டும் ஒரு கோடு என்றால் நெகட்டிவ். இரண்டு கோடு வந்தால் அதையே முடிவாக எடுத்துக்கொண்டு அழாதீர்கள், கிளினிக்கில் ரத்தம் கொடுத்து உறுதி செய்த பிறகுதான் முடிவு. C கோடு தெரியாவிட்டால் அந்தக் கிட் வீண். வேறொன்று வாங்க வேண்டும்.

4. போன வாரம் ஒரு தப்பு நடந்துபோச்சு. இன்னைக்கு எடுத்தா தெரியுமா?

தெரியாது. தொற்று உடம்பில் ஏறியிருந்தாலும் பரிசோதனையில் காட்டச் சில வாரங்கள் ஆகும். கையில் ரத்தம் எடுத்து லேபில் செய்யும் இன்றைய பரிசோதனை 45 நாட்களுக்குப் பிறகு நம்பகமாகச் சொல்லும். மேலே சொன்ன வீட்டுக் கிட்டுக்கு 90 நாள். நடுவில் வரும் நெகட்டிவைப் பார்த்துவிட்டு மனைவியிடம் "பார், ஒண்ணும் இல்ல" என்று காட்டாதீர்கள். அதுவரை ஆணுறை.

நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் விஷயம் வேறு. தொற்றைத் தடுக்கும் மருந்து இருக்கிறது. 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி தாண்டினால் தர மாட்டார்கள். திங்கட்கிழமை கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள். பணம் கட்ட வேண்டியிருக்கலாம்.

5. நான் நல்லாத்தானே இருக்கேன்? எரிச்சல், புண் ஒண்ணும் இல்லையே.

கிளமீடியா, கொனோரியா என்ற பாலியல் தொற்றுகள் வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. உள்ளே கர்ப்பப்பைக் குழாய் வரை புண்ணாகி, பிள்ளை நிற்காமல் போன பிறகுதான் தெரிய வரும். சிபிலிஸ் இன்னும் ஏமாற்றும். முதலில் வலிக்காத ஒரு புண் வரும். மருந்தே போடாமல் மூன்று முதல் ஆறு வாரத்தில் ஆறிவிடும். பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வரும், அதுவும் தானே போய்விடும். கிருமி போகாது. வருடங்கள் கழித்து மூளையையும் இதயத்தையும் தாக்கலாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ஒரு பென்சிலின் ஊசியில் குணமாகிற நோய் இது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால் பயனில்லை, இருவரும் சேர்ந்து சிகிச்சை எடுக்க வேண்டும், முடிந்து குறைந்தது ஒரு வாரம் உறவு கூடாது. ஆண்கள் தனியார் கிளினிக்கில் ரகசியமாக ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். மனைவியிடமிருந்து அதே நோய் திரும்ப வருகிறது, பழியும் மனைவி மேல் விழுகிறது.

6. சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனை கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டாங்களா?

மலேசியாவில் முஸ்லிம் தம்பதிகளுக்குத் திருமணத்துக்கு முன் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம். மற்றவர்களுக்கு விருப்பம்தான், ஆனால் அதே கிளினிக்கில் செய்துகொள்ளலாம். தனியாக எச்.ஐ.வி.யை மட்டும் கேட்டால் முகம் சுருங்கும். தலசீமியா (பரம்பரை ரத்தக் குறைபாடு), ஹெப்பட்டைட்டிஸ் பி (கல்லீரல் தொற்று), சிபிலிஸ், எச்.ஐ.வி. நான்கையும் சேர்த்து, மாப்பிள்ளை பெண் இருவருக்கும் என்று கேளுங்கள். பெண் வீட்டார் முதலில் தங்கள் மகளின் ரிப்போர்ட்டை மேசையில் வைத்தால் பேச்சு சுலபமாகிவிடுகிறது.

7. காண்டம் போடச் சொன்னா, "என்னைச் சந்தேகப்படுறியா, இல்ல நீ எவன்கிட்டயாவது போனியா?"ன்னு கேட்கிறார்.

அடிக்கடி வரும் கேள்வி என்றால் இதுதான். "மனம்விட்டுப் பேசுங்கள்" என்று எழுதியிருக்கிற பிரசுரங்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. இருவருக்கும் சமமான பேச்சு இருக்கும் வீட்டில்தான் அது நடக்கும்.

நடைமுறையில் எடுபட்ட வழிகளைச் சொல்கிறேன். சந்தேகத்தை விட்டுவிட்டுக் கர்ப்பத்தைக் காரணமாக வையுங்கள்: "மாத்திரை எனக்கு ஒத்துக்கல, கொஞ்ச நாளைக்கு இதைப் போட்டுக்கலாம்." அல்லது டாக்டர் மேல் போடுங்கள். டாக்டரிடம் முன்கூட்டியே "நீங்க சொன்ன மாதிரி சொல்லிக்கலாமா?" என்று கேட்டால், மறுத்த டாக்டரை நான் பார்த்ததில்லை. சிலர் கணவரை வரச்சொல்லி அவர்களே பேசியும் விடுவார்கள். படுக்கையில் அந்த நேரத்தில் பேச்சைத் தொடங்காதீர்கள். மத்தியானம், காரில், ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது சொன்னால் சண்டை வளர்வது குறைவு. "உங்களுக்கு ஏதாவது இருக்கும்" என்பதைவிட "நமக்கு ரெண்டு பேருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள்.

ஒரு சின்னத் தகவல்: தேங்காய் எண்ணெய், பேபி ஆயில், வாசலின் எதையும் ரப்பர் ஆணுறையோடு சேர்க்கக் கூடாது, கிழிந்துவிடும். தண்ணீர் அடிப்படையிலான ஜெல் பார்மசியில் கிடைக்கும். "உள்ளூர் சரக்கு தரமிருக்காது" என்று சிலர் சொல்வதுண்டு. உலகிலேயே அதிக ஆணுறை தயாரிக்கும் நிறுவனம் நம் கிள்ளான் துறைமுகத்தைத் தலைமையிடமாகக் கொண்டதுதான்.

கேட்டாலே அடி விழும் வீடு என்றால் இந்த முயற்சி எதுவும் வேண்டாம். அடுத்த பதிலையும் 16-ஆவது பதிலையும் படியுங்கள்.

8. அவரைக் கேட்காமலே நானே செய்துக்கக்கூடியது ஏதாவது இருக்கா?

இருக்கிறது, நான் எல்லோருக்கும் முதலில் சொல்வதும் இதைத்தான். பிரெப் என்ற மாத்திரை. எச்.ஐ.வி. இல்லாதவர் தினம் ஒன்று சாப்பிட்டால், துணையிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றுவதைத் தடுக்கிறது. 2023 தொடக்கத்திலிருந்து தேர்ந்தெடுத்த அரசு கிளினிக்குகளில் இலவசமாகத் தருகிறார்கள். சில தனியார் கிளினிக்குகளில் காசு கொடுத்து வாங்கலாம். தொடங்கும் முன் எச்.ஐ.வி., சிறுநீரகம், ஹெப்பட்டைட்டிஸ் பி பார்ப்பார்கள், பிறகு ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். பெண்களுக்கு முழுப் பாதுகாப்பு ஏற ஒன்று முதல் மூன்று வாரம் வரை ஆகும். உறவுக்கு முன்னும் பின்னும் மட்டும் சாப்பிடும் முறை ஆண்களுக்கு மட்டும்தான். பெண்கள் விடாமல் தினமும் சாப்பிட வேண்டும்.

இதனால் சிபிலிஸ், கொனோரியா தடைபடாது, கர்ப்பமும் தடைபடாது. இன்னொரு சிக்கல் உண்டு. இது எச்.ஐ.வி. மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்ததால், புட்டியைப் பார்த்துவிட்டுப் பெயரைத் தேடினால் "உனக்குத்தான் நோய்" என்று திருப்பிவிடுவார்கள். அதனால் எங்கே வைப்பது என்பதை முதல் நாளே யோசியுங்கள். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் வேலை செய்யும் பெண்கள் பலர் லாக்கரில் வைத்துக்கொண்டு ஷிப்டில் சாப்பிடுகிறார்கள்.

மற்றவை: ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசி. மலேசியாவில் 1989-லிருந்து குழந்தைகளுக்குப் போடுகிறார்கள். அதற்கு முன் பிறந்தவர்கள் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். அப்புறம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸுக்கான பரிசோதனை. பல கிளினிக்குகளில் இப்போது கழிவறைக்குள் போய் நீங்களே பஞ்சுக்குச்சியால் எடுத்துக் கொடுத்துவிடலாம், யாரும் பார்க்க வேண்டியதில்லை. கணவருக்கு வெளியில் உறவு இருந்தால் அந்த வைரஸும் வீட்டுக்கு வரும் என்பதை மறந்துவிடுகிறோம்.

9. எச்.ஐ.வி. மருந்து ஒழுங்கா சாப்பிடுறவர்கிட்டேருந்து பரவாதுன்னு சொல்றாங்களே. நிஜமா, இல்ல ஆறுதலுக்குச் சொல்றதா?

நிஜம். ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 தம்பதிகளை இந்தியா, தாய்லாந்து உட்பட ஒன்பது நாடுகளில் கவனித்த ஆய்வு 2011-இல் முடிவு சொன்னது: மருந்தை உடனே தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது. பிறகு ஐரோப்பாவில் 2016-இலும் 2019-இலும் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. மருந்தால் ரத்தத்தில் வைரஸ் அளவு (வைரல் லோட்) ஒரு மில்லிலிட்டருக்கு 200-க்குக் கீழே இருந்தவர்கள், ஆணுறை இல்லாமல் பல்லாயிரம் முறை உறவுகொண்டும் துணைக்கு ஒரு தொற்றைக்கூடக் கொடுக்கவில்லை.

கவனிக்க வேண்டியது இரண்டு. மருந்து தொடங்கிய அன்றே இது நடக்காது, பொதுவாக ஆறு மாதம் வரை ஆகும். அப்புறம், விட்டுவிட்டுச் சாப்பிட்டால் வைரஸ் திரும்ப ஏறும். மலேசிய அரசு மருத்துவமனைகளில் குடிமக்களுக்கு முதல்நிலை மருந்து இலவசம் என்பதால் காசில்லாமல் நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை.

10. என் வீட்டுக்காரர் மெத்தடோன் குடிக்கிறார். அவரோட இருக்கிறது எனக்கு ஆபத்தா?

ஹெராயின் போன்ற போதைக்குப் பதிலாக டாக்டர் தரும் மருந்துதான் மெத்தடோன். அதைக் குடிப்பது நல்ல அடையாளம். ஊசியை விட முயல்கிறார் என்று அர்த்தம். மலேசியாவில் 2005-இல் தொடங்கிய திட்டம் இது. காலையில் பார்மசிஸ்ட் முன்னால் சின்ன கப்பில் குடித்துவிட்டு, வாயில் தங்கவில்லை என்று காட்ட இரண்டு வார்த்தை பேசிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். ஒழுங்காக வருபவர்களுக்கு வீட்டுக்கும் கொடுத்துவிடுவார்கள். ஆனால் பழைய ஊசிக் காலத்தில் ஏறிய தொற்று இருக்கலாம். அவர் எச்.ஐ.வி.யும் ஹெப்பட்டைட்டிஸ் சி-யும் பார்த்துவிட்டாரா என்று கேளுங்கள், நீங்களும் பாருங்கள். ஹெப்பட்டைட்டிஸ் சி பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையில் குணமாகிறது. விலை கட்டுப்படியாகாத மருந்தாக இருந்ததை, 2017-இல் நம் அரசாங்கம் காப்புரிமையை மீறி மலிவாக வாங்கச் சட்டப்படி அனுமதி கொடுத்து அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டுவந்தது.

மனைவிமார் கேட்கத் தயங்கும் ஒன்று உண்டு. மெத்தடோனால் ஆசை குறையலாம். "வெளியில யாரோ இருக்காங்க" என்று நினைத்து வீட்டில் பெரிய சண்டை ஆகிறது. டாக்டரிடம் சொன்னால் அளவைப் பார்த்துச் சரிசெய்வார். அதைச் சரிக்கட்ட அவர் சியாபு (மெத்தாம்ஃபெட்டமின் போதைப்பொருள்) பக்கம் போனால்தான் உண்மையான ஆபத்து. அந்த மயக்கத்தில் ஆணுறையும் மருந்தும் மறந்துபோகும்.

11. நான் தமிழ்நாட்டிலேருந்து கட்டிட்டு வந்தவ. விசா அவர் கையில. ஏதாவது கேட்டா திருப்பி அனுப்பிடுவேங்கிறார்.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் மனசு கனத்துப் போகும். வெளிநாட்டு மனைவிக்கான நீண்டகால விசிட் பாஸுக்கு மலேசியக் கணவர்தான் ஸ்பான்சர். புதுப்பிக்கவும் அவர் வேண்டும். அந்த ஒரு கையெழுத்தைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ வீடுகளில் பெண்ணின் வாயை அடைக்கிறார்கள்.

ஆனாலும், பரிசோதனைக்கு அவர் அனுமதி தேவையில்லை. வெளிநாட்டுக் கடப்பிதழ் என்றால் கட்டணம் உண்டு. எவ்வளவு என்று முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். பாஸ்போர்ட், பாஸ், திருமணச் சான்றிதழ் மூன்றையும் போனில் படமெடுத்து, ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். பாஸ்போர்ட்டை அவர் எடுத்து வைத்திருந்தாலும் அந்தப் படம் உதவும். மிரட்டல் தொடர்ந்தால் 16-ஆவது பதிலில் உள்ள இடங்களில் பேசுங்கள். விசா சிக்கலையும் அவர்கள் அறிந்தவர்கள்.

12. நான் பழகுறவர் பெர்மிட்ல வேலை செய்றவர். ஃபோமீமா பாஸ் பண்ணிட்டார், அப்ப சுத்தமாத்தானே இருப்பார்?

ஃபோமீமா என்பது வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான கட்டாய மருத்துவப் பரிசோதனை. அதில் எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெப்பட்டைட்டிஸ் பி எல்லாம் உண்டு. ஆனால் அது எடுத்த அன்றைய நிலைமையைத்தான் சொல்லும். அதற்குப் பிறகு நடந்தது அதில் இல்லை, 4-ஆவது பதிலில் சொன்ன இடைவெளியும் இருக்கிறது. பாசிட்டிவ் வந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதால் தானாகப் போய்ப் பரிசோதிக்க அவர் பயப்படுவார். அந்தப் பயத்தைத் திட்டாதீர்கள். வீட்டுக் கிட் வாங்கி இருவரும் சேர்ந்து எடுப்பதுதான் நடக்கக்கூடிய வழி.

இங்கே பேச்சுரிமை உங்கள் பக்கம் அதிகம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரரைத் திருமணம் செய்ய அந்தப் பெர்மிட்டில் அனுமதி இல்லை. "போலீஸில் சொல்லிவிடுவேன்" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் இருக்கும் நோயை அவர் மறைப்பார்.

13. நானும் ஆண், என் துணையும் ஆண். கிளினிக்ல உண்மையைச் சொல்லலாமா?

சட்டம் உங்களுக்குச் சாதகமாக இல்லாத நாட்டில் இந்தத் தயக்கம் இயல்பு. ஆனால் பிரெப் தரும் கிளினிக்குகளில் மிஸ்ஸிமார் இதைத் தினமும் கேட்கிறவர்கள். சொன்னால்தான் தொண்டை, ஆசனவாய்ப் பரிசோதனையும் செய்வார்கள். முதல்முறை தனியாகப் போகப் பயமாக இருந்தால், 1992-லிருந்து இயங்கும் மலேசிய எய்ட்ஸ் மன்றத்தின் உறுப்பு அமைப்புகள் துணைக்கு ஆள் அனுப்புவதுண்டு. உங்களில் ஒருவர் வயதில் மூத்து, செலவெல்லாம் பார்ப்பவராக இருந்தால் 2-ஆவது பதில் உங்களுக்கும் பொருந்தும்.

14. அவருக்கு எச்.ஐ.வி., எனக்கு இல்ல. பிள்ளை பெத்துக்க முடியுமா?

முடியும். அவர் வைரஸ் அளவு தொடர்ந்து கட்டுப்பாட்டில் இருந்தால் இயல்பாகவே கருத்தரிக்கலாம். மனத் தைரியத்துக்குப் பிரெப்பும் சேர்த்துக்கொள்ளலாம். மனைவிக்கு இருந்தாலும் முடியும். சிகிச்சை இல்லாவிட்டால் பிள்ளைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை; சிகிச்சையோடு 5-க்கும் கீழே. 1998-லிருந்து அரசு கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிறார்கள். 2018-இல் தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று தந்தது. தாய்ப்பால் பற்றி மட்டும் உங்கள் டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள்.

15. எனக்கு பாசிட்டிவ் வந்திருக்கு. மனைவிகிட்டச் சொன்னா பிள்ளைகளைத் தூக்கிட்டுப் போயிடுவா. சொல்லாம இருக்கலாமா?

அண்ணே, சொல்லுங்கள். இன்றே சொல்ல வேண்டும் என்றில்லை. முதலில் மருந்தைத் தொடங்குங்கள், சொல்லும் வரை ஆணுறை இல்லாமல் உறவு வேண்டாம். தனியாகச் சொல்ல முடியாவிட்டால் கிளினிக் ஆலோசகரிடம் கேளுங்கள், இருவரையும் உட்கார வைத்து அவர் சொல்வார். நான் துணைக்குப் போன இடங்களில் மனைவிமார் முதலில் கேட்டது "எனக்கும் இருக்கா, பிள்ளைக்கு இருக்கா" என்பதுதான். அதற்குப் பதில் அன்றே கிடைக்கிற மாதிரி, அவர்களுக்கும் அதே இடத்தில் பரிசோதனை ஏற்பாடு செய்துவிடுங்கள். விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் வருடங்கள் கழித்துத் தானே கண்டுபிடித்த பெண்கள் மன்னித்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

சொல்பவர் பெண்ணாக இருந்து, கணவர் கைநீட்டுகிறவராக இருந்தால் என் பதில் வேறு. முதலில் ஒரு பாதுகாப்பான இடம், கூட ஒரு ஆள். அதற்குப் பிறகு பேச்சு.

16. வேண்டாம்னு சொன்னாலும் கட்டாயப்படுத்துறார், அடிக்கிறார். கட்டின புருஷன்மேல கேஸ் போட முடியுமா?

முடியும். மனைவியைக் காயப்படுத்தியோ பயமுறுத்தியோ உறவுகொள்வது குற்றவியல் சட்டம் 375ஏ பிரிவின்படி குற்றம், ஐந்து வருடம் வரை சிறை. 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அடிப்பதை மட்டும் பார்ப்பதில்லை, மன ரீதியான துன்புறுத்தலும் அதில் அடக்கம். கோவிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்ட கல்யாணத்துக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். இது பலருக்குத் தெரிவதில்லை, "ரெஜிஸ்டர் பண்ணல, எனக்கு என்ன உரிமை" என்று இருந்துவிடுகிறார்கள்.

போலீஸுக்குப் போகத் தயக்கம் என்றால், சமூகநல அதிகாரியே ஏழு நாளைக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்கலாம், அதற்குப் போலீஸ் ரிப்போர்ட் தேவையில்லை. அரசின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண் 15999, எந்த நேரமும் அழைக்கலாம். பினாங்கில் 1985-லிருந்து இயங்கும் பெண்கள் மாற்றத்துக்கான மையம், கோலாலம்பூர் பக்கம் பெண்கள் உதவி அமைப்பு இரண்டும் இலவசமாகப் பேசும். கட்டாய உறவு நடந்திருந்தால் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் இதற்கென்றே தனி அறை இருக்கிறது. 4-ஆவது பதிலில் சொன்ன 72 மணி நேரக் கணக்கு இங்கேயும் ஓடுகிறது. காயமும் மருந்தும் முதலில், ரிப்போர்ட் பிறகு.

17. அவர் எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுறேங்கிறார். ஆனா வைரல் லோட் ரிப்போர்ட்டைக் காட்டச் சொன்னா "என்மேல நம்பிக்கையில்லையா"ன்னு கோபப்படுறார். மாத்திரையும் மாசக்கணக்கா அப்படியே இருக்கு. நான் என்ன செய்யட்டும்?

மாத்திரை குறையவில்லை என்பதை நீங்களே கண்ணால் பார்த்துவிட்டீர்கள், ரிப்போர்ட் இல்லாமலே பதில் தெரிந்துவிட்டது. 9-ஆவது பதிலில் சொன்ன பாதுகாப்பு இப்போது உங்கள் வீட்டில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் நீங்கள் தனியாகப் போய்க் கேட்டாலும் அவர் ரிப்போர்ட்டைக் காட்ட மாட்டார்கள். உங்களுடையதை அவருக்குக் காட்டாத அதே விதிதான். ஆனால் நீங்கள் பார்த்ததை டாக்டரிடம் சொல்லலாம், அடுத்த முறை அவர் வரும்போது மருந்தைப் பற்றி டாக்டரே கேட்டுக்கொள்வார்.

ஏன் நிறுத்தினார் என்று தெரிந்துகொள்வது நல்லது. தலைசுற்றலா, லோரியில் கூட வருபவர் பார்த்துவிடுவார் என்ற பயமா, மனச்சோர்வா? தலைசுற்றலுக்கு மருந்தை மாற்றித் தருவார்கள். அவர் பேசத் தயாராக இருந்தால் பேசுங்கள். தயாராகும் வரை உங்கள் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே ரத்தம் கொடுங்கள், நெகட்டிவ் என்றால் அங்கேயே பிரெப் கேளுங்கள், அந்தக் கிளினிக்கில் இல்லையென்றால் எந்தக் கிளினிக்கில் இருக்கிறது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் துண்டுச் சீட்டோடு போனால் அடுத்த கவுண்டரில் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்காது.